மறுநாள் வந்த விசில்

2025 ஜூன் 17, இண்டியானாபோலிஸ். அமெரிக்கப் பெண்கள் கூடைப்பந்து லீகில் இண்டியானா ஃபீவர் அணிக்கும் கனெக்டிகட் சன் அணிக்கும் மேட்ச். முடிய இன்னும் 46 நொடி. ஃபீவர் ஜெயித்த மாதிரிதான், இனி யாரும் ஒன்றும் செய்ய முடியாது. சன் அணியின் ஜேசி ஷெல்டன் பந்தோடு கூடையை நோக்கிப் பாய்கிறார். பின்னாலேயே வந்த ஃபீவரின் சோஃபி கன்னிங்ஹாம் பந்தைப் பற்றிக் கவலையே படவில்லை. ஆளைப் பிடித்து இழுத்துத் தரையில் சாய்த்தார். உடனே இரண்டு அணியும் ஒன்றாகக் குவிந்து தள்ளுமுள்ளு. கன்னிங்ஹாம், ஷெல்டன், சன் அணியின் லிண்ட்ஸி ஆலன் என மூன்று பேரை வெளியே அனுப்பினார்கள். ஃபீவர் 88-71 என்று ஜெயித்தது.

எங்கள் ஊரில் அப்போது விடிகாலை. எனக்கு அந்த வீடியோவை அனுப்பியவள் சித்தப்பா மகள். கோவையில் படிக்கிறாள், கல்லூரி டீமில் கார்டு இடத்தில் ஆடுகிறாள். எங்கள் பிக்கட்டியில் மேகம் இறங்கிவிட்டால் சிக்னல் படுத்துவிடும், வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கும். ஒருவழியாக ஓடி முடிந்ததும் அவளே கூப்பிட்டுவிட்டாள்.

"அக்கா, பாத்தீங்களா? செம கெத்துல்ல?"

"கெத்தெல்லாம் இருக்கட்டும்டி. அதுவரைக்கும் ரெஃப் என்ன பண்ணிட்டு இருந்தாரு?"

"போங்கக்கா, உங்களுக்கு எப்பவும் ரெஃப் ஞாபகம்தான்."

ஆமாம், எனக்கு எப்போதும் ரெஃப் ஞாபகம்தான். கல்லூரியில் நான் ஆடியதும் கூடைக்கு அடியில். அங்கே ஆடியவர்கள் எல்லோருக்கும் அந்த ஞாபகம் இருக்கும். அவளிடம் போனில் சொல்லி முடியாததை இங்கே எழுதுகிறேன்.

அந்த 46ஆவது நொடி திடீரென்று வானத்திலிருந்து குதிக்கவில்லை. மூன்றாவது குவார்ட்டரிலேயே ஆரம்பித்துவிட்டது. ஃபீவரின் நட்சத்திரம் கெய்ட்லின் கிளார்க்கை ஒட்டிக் காவல் காத்த ஷெல்டனின் கை அவர் கண்ணில் பட்டது. கிளார்க் பதிலுக்குத் தள்ளினார். அந்த நேரத்தில், சன் அணியின் மரீனா மேப்ரி ஓடிவந்து கிளார்க்கை ஒரே தள்ளில் கீழே விழவைத்தார். நடுவர்கள் மானிட்டரில் போய்ப் பார்த்தார்கள். ஷெல்டனுக்கு ஃபிளாக்ரண்ட் 1. கிளார்க்குக்கும் மேப்ரிக்கும் சன் அணியின் டீனா சார்ல்ஸுக்கும் ஆளுக்கொரு டெக்னிகல். தள்ளியவருக்கும் தள்ளப்பட்டவருக்கும் ஒரே தண்டனை. ஆட்டம் தொடர்ந்தது.

இந்த ஆட்டத்தைப் பார்த்துப் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். ஃபிளாக்ரண்ட் 1 என்றால் தேவையில்லாத முரட்டுத்தனம். ஃபிளாக்ரண்ட் 2 என்றால் தேவையில்லாதது மட்டுமல்ல, அளவு மீறியதும் கூட. இரண்டாவது விழுந்தால் ஆள் உடனே வெளியே போக வேண்டும். டெக்னிகல் என்பது நடத்தை சரியில்லை என்று கொடுப்பது. ஒன்று விழுந்தாலும் தொடர்ந்து ஆடலாம்.

மறுநாள் என்ன நடந்தது தெரியுமா? லீக் அலுவலகம் வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டு, மேப்ரியின் டெக்னிகலை ஃபிளாக்ரண்ட் 2 ஆக உயர்த்தியது. அதாவது, நேற்று மூன்றாவது குவார்ட்டரிலேயே அவர் வெளியே போயிருக்க வேண்டும் என்று இன்றைக்குச் சொல்கிறார்கள். அவரோ மேட்ச் முழுக்க ஆடிவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கி எழுந்தாயிற்று. கன்னிங்ஹாமுக்கும் அபராதம் போட்டார்கள். அவரோ ஊருக்கே ஹீரோ ஆகிவிட்டார். சில நாட்களில் டிக்டாக்கில் அவரைப் பின்தொடர்பவர்கள் லட்சக்கணக்கில் ஏறினார்கள், அவர் ஜெர்சி விற்றுத் தீர்ந்தது. நடுவர் கொடுக்காத தண்டனையைச் சக ஆட்டக்காரி கொடுத்தார் என்றுதான் கூட்டம் கைதட்டியது. சித்தப்பா மகளின் கெத்தும் அதேதான்.

என் கோபம் மேப்ரி மேலோ கன்னிங்ஹாம் மேலோ இல்லை. கூடைப்பந்தில் உரசல் இல்லாமல் முடியாது. என் கோபம் அந்த மறுநாள் மேல்தான். எங்கள் ஊரில் தேயிலை எடை போடும் இடத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? முற்றின இலையும் காம்பும் கலந்திருந்தால் மூட்டையைக் கொட்டி அங்கேயே, அப்போதே கழிப்பார்கள். விவசாயி முகத்துக்கு நேரே சண்டை நடக்கும், கசப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்த இலை டிரையர் வரைக்கும் போகாது. தூளாகி ஏலத்துக்குப் போனபின் இலை சரியில்லை என்று கடிதம் வந்தால் அதை வைத்து யார் என்ன செய்ய முடியும்?

அதற்கு ஒரு வருடம் முன்னால் நடந்ததும் இதே கதை. 2024 ஜூன் 1. ஃபீவர், சிகாகோ ஸ்கை. மூன்றாவது குவார்ட்டர் முடியும் தறுவாய். பந்து இன்னும் உள்ளே வரவே இல்லை. பந்துக்காகக் காத்து நின்ற கிளார்க்கை ஸ்கை அணியின் சென்னடி கார்ட்டர் இடுப்பாலும் தோளாலும் இடித்துச் சாய்த்தார். நடுவர் சாதாரண ஃபவுல் என்று விசில் ஊதினார், மானிட்டர் பக்கமே போகவில்லை. ஃபீவர் 71-70 என்று ஒரே பாயின்ட்டில் ஜெயித்தது. மறுநாள் அதை ஃபிளாக்ரண்ட் 1 ஆக்கினார்கள். ஆடத் தடை எதுவும் இல்லை.

இதில் இன்னொரு கூத்து. மேட்ச் முடிந்து பத்திரிகையாளர்களைச் சந்திக்க வராததற்காக ஸ்கை அணியின் ஏஞ்சல் ரீஸுக்கு 1,000 டாலர் அபராதம், அவரை வரவைக்காததற்காக அணிக்கு 5,000 டாலர்.  இடித்ததைவிடப் பேசாமல் போனது பெரிய குற்றம் போல.

இந்த இடைவெளியில் ரசிகர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். லீக் சரியான நேரத்தில் தீர்ப்புச் சொல்லாவிட்டால் தீர்ப்புச் சொல்ல ஆயிரம் பேர் போனோடு தயாராக இருக்கிறார்கள். அடுத்த சில நாட்களிலேயே, வாஷிங்டனில் ஸ்கை அணி தங்கிய ஹோட்டல் வாசலில் ஒருவர் கேமராவோடு நின்று கார்ட்டரைத் தொந்தரவு செய்தார். அமெரிக்கப் பத்திரிகையில் தலையங்கம்கூட வந்தது. கிளார்க் வெள்ளைக்காரப் பெண், கார்ட்டரும் ரீஸும் கறுப்பினப் பெண்கள். அதற்கு மேல் அங்கே விவாதம் கூடைப்பந்தைப் பற்றி நடக்கவே இல்லை. நடுவர் அன்றைக்கே மானிட்டருக்குப் போயிருந்தால் இவ்வளவும் நின்றிருக்கும் என்று நான் சொல்லவில்லை. கொஞ்சமாவது குறைந்திருக்கும்.

ஏனென்றால் குறைந்ததைப் பார்த்திருக்கிறோம். 2025 மே 17, அதே இரண்டு அணிகள். கூடைக்கு அருகில் ரீஸின் கையில் கிளார்க் அடித்தார், ரீஸ் கீழே விழுந்து எழுந்து பாய்ந்தார், நடுவில் ஃபீவரின் அலீயா பாஸ்டன் வந்து நின்றார். நடுவர்கள் மானிட்டருக்குப் போய் கிளார்க்குக்கு ஃபிளாக்ரண்ட் 1, ரீஸுக்கும் பாஸ்டனுக்கும் டெக்னிகல் என்று அங்கேயே முடித்தார்கள். ஃபீவர் 93-58 என்று ஜெயித்தது, மறுபடி கோர்ட்டில் ஒன்றும் வெடிக்கவில்லை. இணையத்தில் வெடித்தது, அது வேறு.

இப்போது விதிப்புத்தகத்தில் ஒரு கணக்கு. இதை நான் வெகுநாளாக யாரிடமாவது சொல்லிக்கொண்டே இருக்கிறேன். அமெரிக்க ஆண்கள் லீகான என்பிஏவில் ஆட்டம் 48 நிமிடம், ஒரு ஆட்டக்காரருக்கு 6 ஃபவுல். நாம் இங்கே ஆடுவது ஃபிபா விதி, 40 நிமிடம், 5 ஃபவுல். இரண்டிலும் எட்டு நிமிடத்துக்கு ஒன்று என்றுதான் கணக்கு வருகிறது. அமெரிக்கப் பெண்கள் லீகில் 40 நிமிடம், ஆனால் 6 ஃபவுல். ஒரு ஃபவுல் கூடுதலாகச் செய்ய விதியே இடம் கொடுக்கிறது. பத்துப் பன்னிரண்டு பேர் உள்ள அணியில் அந்த ஒரு ஃபவுல் எவ்வளவு என்று கூட்டிப் பாருங்கள். அப்புறம் பெண்கள் ஆட்டம் ஏன் இவ்வளவு முரடாகிவிட்டது என்று தொலைக்காட்சியில் உட்கார்ந்து ஆச்சரியப்படுகிறார்கள்!

முரட்டுத்தனம் புதிதும் இல்லை. 2008 ஜூலை 22, டெட்ராய்ட் ஷாக், லாஸ் ஏஞ்சலிஸ் ஸ்பார்க்ஸ். கடைசி சில நொடிகள், ஸ்பார்க்ஸ் முன்னணியில். அந்த வருடம்தான் லீகுக்கு வந்த ஸ்பார்க்ஸின் கேண்டேஸ் பார்க்கரும் டெட்ராய்டின் ப்ளெனெட் பியர்சனும் சிக்கிக்கொண்டு விழ, இரண்டு பெஞ்சும் காலி. டெட்ராய்ட் பயிற்சியாளர் பில் லேம்பீர், துணைப் பயிற்சியாளர் ரிக் மஹோர்ன். இரண்டு பேரும் யார் என்று தெரியுமா? எண்பதுகளின் கடைசியில் முரட்டு ஆட்டத்துக்கே பேர்போன, 'பேட் பாய்ஸ்' என்று பெயர் வாங்கிய டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணியின் தூண்கள். மஹோர்ன் சண்டையை விலக்கப் போனதாகத்தான் சொன்னார். அவர் கை பட்டு ஸ்பார்க்ஸின் லிசா லெஸ்லி கீழே விழுந்தார். விலக்கப் போன டெட்ராய்டின் ஷெரில் ஃபோர்டுக்கு முழங்கால் தசைநார் அறுந்து அந்த சீசனே போயிற்று. ஸ்பார்க்ஸ் 84-81 என்று ஜெயித்தது.

லீக் பத்து ஆட்டக்காரிகளுக்கும் மஹோர்னுக்கும் தடை விதித்தது. பியர்சனுக்கு நான்கு மேட்ச், மஹோர்னுக்கு இரண்டு, பார்க்கருக்கு ஒன்று. டெட்ராய்டுக்கு ஆள் பற்றாக்குறை. என்ன செய்தார்கள்? டிவியில் வர்ணனை செய்துகொண்டிருந்த நான்சி லீபர்மேனை ஏழு நாள் ஒப்பந்தத்தில் கூப்பிட்டார்கள். அவருக்கு அப்போது வயது 50. லீகில் கடைசியாக அவர் ஆடியது அதன் முதல் சீசனான 1997இல். வந்தார், ஜூலை 24 அன்று ஒரே ஒரு மேட்ச் ஆடினார், போனார். இவ்வளவுக்கும் பிறகு அந்த வருடக் கோப்பையை வாங்கியது டெட்ராய்ட்தான். எங்கள் வீட்டில் ஐம்பது வயதுப் பெண்மணி காலையில் கொழுந்து பறிக்கப் போவது ஆச்சரியமே இல்லை. ஆனாலும் லீபர்மேன் கதையைச் சொன்னால் அத்தைமார்கள் அத்தனை பேருக்கும் சிரிப்பும் பெருமையும் தாங்காது.

அந்த 2008 சண்டை நடந்த அதே அரங்கில்தான் 2004 நவம்பரில் என்பிஏ ஆண்கள் பார்வையாளர் வரிசைக்குள்ளேயே ஏறி அடித்துக்கொண்டார்கள். ரான் ஆர்டெஸ்டுக்கு 86 மேட்ச் தடை. அதைப் பற்றிப் பேசும்போது யாரும் ஆண்கள் இப்படி ஆடலாமா என்று கேட்கவில்லை, ஆர்டெஸ்ட் இப்படிச் செய்யலாமா என்றுதான் கேட்டார்கள். பெண்கள் அடித்துக்கொண்டால் மட்டும் 'பெண்கள்' என்ற சொல் முன்னால் வந்து நிற்கும். ஒரு பக்கம் ஐயோ பெண் பிள்ளைகளா என்று வாயில் கை வைப்பார்கள், இன்னொரு பக்கம் அந்த வீடியோவைத்தான் நூறு பேருக்கு அனுப்புவார்கள். மூன்று பாயின்ட் போட்ட வீடியோவை அனுப்ப ஆளைக் காணோம்.

உரசலும் முரட்டுத்தனமும் எங்கே பிரிகிறது? கூடைக்கு அடியில் நின்று பார்த்தால்தான் தெரியும். ஷாட் கிளம்பிவிட்டது. நீங்கள் எதிராளியை முதுகால் தாங்கி நிற்கிறீர்கள், பாக்ஸ் அவுட். அவள் முழங்கால் உங்கள் தொடைக்குப் பின்னால் முட்டுகிறது. முன்கை இடுப்பில். இதெல்லாம் ஆட்டம், இதற்கு யாரும் விசில் கேட்க மாட்டார்கள். ஆனால் நீங்கள் குதித்துவிட்டீர்கள், கால் தரையில் இல்லை. அப்போது அவள் இடுப்பால் லேசாக, ரொம்ப லேசாக, ஒரு தட்டுத் தட்டினால் போதும். கேலரியில் இருப்பவர்களுக்கு ஒன்றுமே தெரியாது. உங்களுக்கு மட்டும் எந்தப் பக்கம் விழுகிறோம் என்பதே தெரியாது. இல்லையா, இறங்குகிற இடத்தில் காலை நீட்டி வைப்பாள். கணுக்கால் போய்விடும். பலமாகத் தள்ளுவதைவிட இது மோசம். அதை ஆரம்பத்திலேயே ஒருமுறை ஊதிவிட்டால் போதும், மேட்ச் முழுக்க யாரும் மறுபடி செய்ய மாட்டார்கள். ஊதாவிட்டால் நாலாவது முறை நான் முழங்கையைத் திருப்புவேன். அப்போது மட்டும் விசில் சரியாக வரும், என் பேருக்கு.

பெரிய உடம்புக்காரிகளுக்கு இது இரட்டைத் தொல்லை. 2019 ஆகஸ்டில் ஃபீனிக்ஸ், டாலஸ் மேட்ச்சில் பிரிட்னி கிரைனர் எதிரணிப் பெண்ணைத் துரத்திக்கொண்டு போனார். ஆறு பேர் வெளியேற்றம், கிரைனருக்கு மூன்று மேட்ச் தடை. தன்னை அடித்தால் மட்டும் யாரும் கண்டுகொள்வதில்லை என்பது அவருடைய ஆதங்கம். ஆறடிக்கு மேல் வளர்ந்தவளுக்கு வலிக்காது என்று நடுவர்களும் நினைத்துக்கொள்கிறார்கள்.

நம் பக்கத்துக்கு வருவோம். இங்கே மேட்ச் தொடங்கும் முன் ரெஃப் வரிசையில் நிறுத்தி நகம் பார்ப்பார். பெண்கள் மேட்ச் என்றால் கம்மல், மூக்குத்தி, வளையல், கழுத்துக் கயிறு எல்லாம் கழற்றியாக வேண்டும். மூக்குத்தி வரவில்லை சார் என்று ஒருத்தி கண்கலங்குவாள், அம்மா திட்டும் என்று இன்னொருத்தி. நகவெட்டிக்கு ஓட்டம் நடக்கும். கோவையில் சிஆர்ஐ கோப்பைக்கான பெண்கள் ஆட்டங்களைப் பார்க்க மஞ்சூரிலிருந்து கெத்தை, முள்ளி, காரமடை வழியாக 43 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிப் போயிருக்கிறேன். தென்னக ரயில்வேயும் கேரள மின்வாரியமும் மோதினால் அமெரிக்காவுக்குக் கொஞ்சமும் குறையாத இடி. முழங்காலெல்லாம் சிராய்ப்பு. மேட்ச் முடிந்ததும் அதே பெண்கள் ஒரே டீக்கடையில் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள்.

நம் ஊர்ப் பெண்ணுக்குக் கூடைப்பந்து நேரடித் தொழில் இல்லை. ரயில்வே வேலையோ மின்வாரிய வேலையோதான் தொழில், அதை வாங்கித் தருவது கூடைப்பந்து. சென்னை அனிதா பால்துரை 19 வயதில் இந்திய அணிக்குக் கேப்டன் ஆனவர். குழந்தை பிறந்த பின்னும் திரும்பி வந்து ஆடினார். 2017இல் பெங்களூருவில் ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவில் அவரும் ஆடிய இந்திய அணி கஜகஸ்தானை 75-73 என்று ஜெயித்தது. 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அவரும் தென்னக ரயில்வேதான். கீத்து அன்னா ஜோஸ் கோட்டயத்துக்காரர், அவரும் தென்னக ரயில்வே. 2006இல் ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் ஹாக்ஸ் அணிக்கு ஆடப் போனார். 2011இல் அமெரிக்க லீகில் சிகாகோ, லாஸ் ஏஞ்சலிஸ், சான் அன்டோனியோ என்று மூன்று அணிகளின் தேர்வுக்கு அழைக்கப்பட்ட முதல் இந்தியப் பெண். இடம் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் அந்த இடியை அவர் எப்படித் தாங்கியிருப்பார் என்று கேட்பவர்கள், கோவையில் அவர் ஆடிய ஒரு மேட்ச்சையாவது பார்த்திருக்க வேண்டும். மற்றவர்கள்தான் அவரைத் தாங்க வேண்டியிருந்தது.

கால் போனால் இங்கே ஆட்டம் போகும், சம்பளம் போகாது. அமெரிக்கப் பெண்ணுக்கு ஆட்டமே சம்பளம். அதுவும் எவ்வளவு? நாடே பேசிய கிளார்க்குக்கு 2024இல் லீக் கொடுத்தது 76,535 டாலர். விளம்பரக் காசு தனி, அது எல்லோருக்கும் கிடைக்காது. அந்தக் காலை நம்பித்தான் ஒவ்வொருத்தியும் கோர்ட்டில் இறங்குகிறாள். ஆகவே காலைக் காப்பாற்றும் விசில் அங்கே சம்பள விஷயம்.

2025 செப்டம்பர் 26 இதற்குச் சாட்சி. அரையிறுதியின் மூன்றாவது மேட்ச், மின்னசோட்டா லிங்க்ஸ், ஃபீனிக்ஸ் மெர்க்குரி. கடைசி நிமிடத்துக்குள் மெர்க்குரியின் அலிசா தாமஸ் லிங்க்ஸின் நஃபீசா காலியரிடமிருந்து பந்தைப் பறித்தார், கால்கள் மோதிக் காலியரின் கணுக்கால் போயிற்று. விசில் இல்லை. லிங்க்ஸ் பயிற்சியாளர் செரில் ரீவ் கோர்ட்டுக்குள் பாய்ந்தார், வெளியேற்றினார்கள். செய்தியாளர் கூட்டத்திலும் நடுவர்களை ஒரு பிடி பிடித்தார். அவருக்கு அடுத்த மேட்ச் தடை, 15,000 டாலர் அபராதம். அவரை ஆதரித்துப் பேசிய பாவத்துக்கு வேறு இரண்டு பயிற்சியாளர்களுக்கும் அபராதம். காலியர் இல்லாமல், ரீவ் இல்லாமல் லிங்க்ஸ் அடுத்த மேட்ச்சில் தோற்று வெளியேறியது. சில நாட்களில் காலியர் ஒரு அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு லீக் தலைமையை வறுத்தெடுத்தார், கமிஷனர் கேத்தி எங்கல்பர்ட் பெயரைச் சொல்லியே.

தாமஸ் செய்தது ஃபவுலா இல்லையா என்று இன்னும் சண்டை நடக்கிறது. எனக்கு அது பந்துக்கான சுத்தமான முயற்சியாகத்தான் பட்டது. சித்தப்பா மகள் இல்லவே இல்லை என்கிறாள். ஆனால் ரீவின் கோபம் அந்த ஒரு விசிலுக்கானது அல்ல. சீசன் முழுக்கச் சேர்ந்து வந்தது. கத்தியவருக்கு மட்டும் உடனே ரசீது எழுதப்படுகிறது.

என்பிஏ 2015இலிருந்து ஒன்று செய்கிறது. நெருக்கமாக முடிந்த மேட்ச் என்றால் கடைசி இரண்டு நிமிடத்தில் நடுவர்கள் எடுத்த முடிவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, இது சரி, இது தவறு, இங்கே விசில் வந்திருக்க வேண்டும் என்று மறுநாள் எல்லோரும் படிக்கும்படி வெளியிடுகிறது. அதுவும் மறுநாள்தான், இருந்தாலும் அதில் குற்றவாளிக் கூண்டில் நிற்பது விசில். பெண்கள் லீகில் 2025 வரை அப்படி ஒன்று கிடையாது. அங்கே மறுநாள் வருகிற காகிதத்தில் ஆட்டக்காரியின் பெயர் இருக்கும், அபராதம் இருக்கும், ஃபவுல் உயர்த்தப்பட்ட செய்தி இருக்கும். நேற்று அதை விட்டுவிட்டவர் யார் என்பது மட்டும் இருக்காது.